டெஸ்ட் பச்சை, டேபிள் காலி: ஹைபர்னேட்டில் ஃப்ளஷ், கிளியர்

ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸில் சேமித்து எடுக்கும் லைப்ரரியான ஹைபர்னேட்டைப் பழகுகிறவர்கள் முதலில் எழுதும் டெஸ்ட் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு சரக்கு என்டிட்டியை (டேபிளில் ஒரு வரிசையாகப் போகும் ஆப்ஜெக்ட்) உருவாக்கி, விலை 10.456 என்று வைத்து, பெர்சிஸ்ட் செய்வது, அதாவது சேமிக்கச் சொல்வது. அப்புறம் அதே ஐடியை ஃபைண்டில் கொடுத்து, விலை சரியாக வருகிறதா என்று பார்ப்பது. ஓட்டினால் பச்சை, அதாவது பாஸ்.

ஆனால் அந்த ஃபைண்ட் டேட்டாபேஸ் பக்கமே போவதில்லை. பெர்சிஸ்ட், ஃபைண்ட் எல்லாவற்றையும் கவனிக்கும் என்டிட்டி மேனேஜர், நீங்கள் கொடுத்த ஆப்ஜெக்ட்டைக் கையிலேயே வைத்திருந்து, ஐடியைக் கேட்டதும் அதையே திருப்பித் தருகிறது. சந்தேகமா? விலை ஃபீல்டின் மேல் டிரான்சியன்ட் போட்டு ஓட்டிப் பாருங்கள். இந்த ஃபீல்டை டேபிளில் எழுதாதே என்று அர்த்தம், அப்போதும் பச்சைதான். இப்படி ஒரு டிரான்சியன்ட்டை எடுக்க மறந்து நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சரி, பெர்சிஸ்டுக்கும் ஃபைண்டுக்கும் நடுவில் இரண்டு வரி சேருங்கள்:

என்டிட்டிமேனேஜர்.ஃப்ளஷ்();
என்டிட்டிமேனேஜர்.கிளியர்();

ஃப்ளஷ், காத்திருக்கும் இன்சர்ட், அப்டேட்களை டேட்டாபேஸுக்கு அனுப்பிவிடும். கிளியர், கையில் வைத்திருந்ததையெல்லாம் மறக்கச் செய்யும். வரிசையை மாற்றாதீர்கள், கிளியர் முந்திக்கொண்டால் அனுப்பாமல் கிடந்த இன்சர்ட்டும் போச்சு. ஃபைண்ட் தரும் புது ஆப்ஜெக்ட்டைத்தான் சோதிக்க வேண்டும், பழைய வேரியபிளை அல்ல. அவசரத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான்.

இப்போது ஓட்டினால் விலை நல் (null, மதிப்பே இல்லை) என்று வந்து டெஸ்ட் சிவக்கும். டிரான்சியன்ட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் விலை காலம் (column) நியூமெரிக் 10, 2 என்றிருந்தால் திரும்பி வருவது 10.46. மறுபடி சிவப்பு! டேபிள் இரண்டு தசமத்துக்கு மேல் தாங்காது என்பது இதுவரை தெரியாமலே இருந்தது. விலையை ஒப்பிட ஈக்வல்ஸ் வேண்டாம், கம்பேர்டூ போடுங்கள்; ஜாவாவின் தசம எண் வகையான பிக்டெசிமலின் ஈக்வல்ஸுக்கு 10.5 வேறு, 10.50 வேறு.

ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் டிரான்சாக்ஷனல் டெஸ்ட் முடிந்ததும் எல்லாம் ரோல்பேக் ஆகி, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஐடி சீக்வென்ஸிலிருந்து (டேட்டாபேஸ் தனியாக எண்களைத் தரும் வசதி) வருகிறது, ஃப்ளஷும் இல்லை என்றால், இன்சர்ட் போகாமலே டெஸ்ட் முடியலாம்; யுனிக் கட்டுப்பாட்டை மீறியிருந்தாலும் சத்தமே வராது. ஐடென்டிட்டி காலமாக (வரிசை சேரும்போதுதான் டேட்டாபேஸ் ஐடி போடும் column) இருந்தால் ஐடி தேவைப்படுவதால் பெர்சிஸ்டிலேயே இன்சர்ட் போய்விடும். ஆனாலும் ஃபைண்ட் பழைய ஆப்ஜெக்ட்டைத்தான் தரும், கிளியர் வேண்டும்.

ஸ்பிரிங் பூட்டின் டெஸ்ட்என்டிட்டிமேனேஜரில் பெர்சிஸ்ட்ஃப்ளஷ்ஃபைண்ட் என்ற மெத்தட் இந்த வேலை முழுவதையும் ஒரே அழைப்பில் முடித்துவிடும். நான் மட்டும் இன்னமும் அந்த இரண்டு வரியைக் கையால்தான் எழுதுகிறேன். டெஸ்டைத் திறந்ததும் கண்ணில் படுகிறதே.