பாராங் கத்தி எதிரே வரும்போது: புதியவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் பக்கத்துத் திடலில் வாரத்தில் இரண்டு மாலை சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் திருவிழாவில் ஆடவும் போட்டிக்குப் போகவும் வருவார்கள். இப்போது பாதிப் பேர் பயத்தோடு வருகிறார்கள். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) அக்காவின் சங்கிலியை அறுத்துவிட்டார்கள், மாமாவை மடக்கி மோட்டார் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கதை கதையாகச் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. வரட்டும், கற்கட்டும். ஆனால் நான் அன்று செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

இருட்டில் தனியாகப் போகாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அதனால் என்ன பயன்?

கத்திக் கையைப் பிடிக்கப் போவது

எனக்கு 22 வயது. ஈப்போவில் வேலை முடிந்து திரும்பும்போது செம்பனைத் தோட்ட முனையில் மோட்டார் பஞ்சராகி நின்றேன். இன்னொரு மோட்டாரில் இருவர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, பாராங்கை நீட்டி, கழுத்துச் சங்கிலியைக் கேட்டான். கொடுத்திருக்கலாம். ஆனால் வகுப்பில் நூறு முறை செய்த பிடி ஞாபகம் வந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன்.

வகுப்பில் என் ஜோடி கையை நீட்டி அப்படியே வைத்திருப்பான், நான் திருப்புவேன். இவன் உடனே கையைப் பின்னால் இழுத்தான். பிடி நழுவி, கத்தி என் உள்ளங்கை வழியாகப் போனது. 17 தையல். இடக்கையின் இரண்டு விரல் இன்றும் முழுதாக மடங்காது. சங்கிலியும் போனது.

பாராங் நம் செம்பனைக்காட்டில் புல் வெட்டுகிற கத்திதான். ஆனால் அதன் கனம் நுனிப்பக்கம் இருக்கிறது. நம் கை அவன் மணிக்கட்டை எட்டுவதற்கு முன்பே வீச்சு நம்மை எட்டிவிடும். இது தெரியாமல், வீடியோவைப் பார்த்துவிட்டு ரப்பர் கத்தியோடு வந்து, "ஆசான், இப்படிப் பிடுங்கிடலாம்ல?" என்று கேட்கிறார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வருகிறது. யாரோ ஒருவர் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறார், அதனால்தானே பிள்ளை நம்புகிறான்.

அப்படிக் கேட்கிறவனுக்கு வெள்ளைச் சட்டை போடச் சொல்வேன். ஜோடியின் கையில் சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, நிஜமாகவே குத்து, இழு, மறுபடி வெட்டு என்பேன். அரை நிமிடம் போதும். போன மாதம் ஒரு பையனின் சட்டையில் 11 கோடுகள், அதில் மூன்று கழுத்தருகே. அவன் பேசாமல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தான். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பொருளைக் கேட்டால் கொடுங்கள். அவன் கைக்கு எட்டாத பக்கமாக எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். வேறு வழியே இல்லை, உயிர்தான் குறி என்றால் மட்டும் கைகலப்பு.

கைப்பையை விடாமல் இழுப்பது

மோட்டாரில் வருகிறவன் பையைப் பிடித்து இழுத்தால் மோட்டார்தான் ஜெயிக்கும். விடுங்கள்.

விழுந்தவனை அடிப்பது

கூட்டம் சேர்ந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கை நிற்காது. நம் நாட்டுக் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை என்கிறது 99ஆவது பிரிவு. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் நீடிக்கும்வரைதான் உடலைக் காக்கும் உரிமையும் நீடிக்கும் என்கிறது 102. அவன் கீழே கிடக்கிறான், கத்தி தூரத்தில் கிடக்கிறது என்றால், அப்புறம் விழுகிற அடி உங்கள் கணக்கில்தான் ஏறும். 999-ஐ அழைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

பாதுகாப்புக்கென்று பாராங் வைத்துக்கொண்டு சுற்றுவது

அதைத் தடுக்க 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம் இருக்கிறது. வேண்டாம்.

கால் பாடத்தில் சலித்துப்போவது

முதல் மூன்று மாதம் காலடிதான். முன்னே, பின்னே, பக்கவாட்டில், திரும்பி. கம்பைக் கையில் கொடுக்காததால் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான், ஏனென்றால் எதிராளியின் வீச்சுக்கு வெளியே நிற்கக் கற்றுக்கொடுப்பது இந்தப் பாடம் ஒன்றுதான்.

ஒரு மாணவி, தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ் அவளைப் பெரிய சாலையில் இறக்கிவிட்டுப் போன பிறகு ஒருவன் நெருங்கி வந்து கையைப் பிடிக்கப் பார்த்தான். இரண்டடி பின்வாங்கி, திரும்பி, கத்திக்கொண்டே வெளிச்சமாக இருந்த மாமாக் உணவுக்கடைக்கு ஓடிவிட்டாள். மறுநாள் தலை குனிந்தபடி, "நான் ஒன்னுமே செய்யல ஆசான், ஓடிட்டேன்" என்றாள்.

அன்று மாலை எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, முன்னால் அவளை நிறுத்தி, அந்த இரண்டடியைச் செய்துகாட்டச் சொன்னேன்.