பயறு முளைப்பதை வகுப்பில் உற்றுப் பார்க்க வைப்பது எப்படி

விதையை மண்ணில் புதைத்துவிட்டு "பாருங்க" என்றால் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? முளைப்பதில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்தான் நடக்கிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கண்ணாடி டம்ளரே நல்லது. ஐந்து பேருக்கு ஒன்று. கூட்டம் அதற்கு மேல் போனால் முன்னால் நிற்கும் இருவர் பார்ப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் சொன்னதை வரைவார்கள்.

ஞாயிறு இரவு பச்சைப்பயறையும் கருப்புக் கொண்டைக்கடலையையும் எட்டு மணி நேரம் ஊற வையுங்கள். முழுசாக இருக்க வேண்டும். உடைத்த பருப்பும் வறுத்த கடலையும் முளைக்காது. திங்கள் காலை ஆளுக்கொரு கடலையைக் கொடுத்துத் தோலை உரித்துப் பிளக்கச் சொல்லுங்கள். மூக்குப் பக்கம் சின்னதாக முளைக்கரு ஒட்டியிருக்கும். "வேர் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டு, வந்த பதில்களையெல்லாம் பலகையில் எழுதுங்கள். எது சரி என்று வாய் திறக்காதீர்கள்.

டம்ளரின் உட்சுவரில் சாயம் போகாத கறுப்புப் பருத்தித் துணியை ஒட்டினாற்போல் விரித்து, நடுவில் ஈர மணலை நிரப்புங்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை வேர் எடுப்பாகத் தெரியாது. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே, விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே, வகைக்கு மூன்று விதைகளைச் செருகுங்கள். அடியில் 1 செ.மீ. தண்ணீர் போதும், துணி உறிஞ்சிக்கொள்ளும்.

பெரும்பாலும் கெடுவது பாசத்தால்தான். ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினால் விதை மூழ்கும், காற்று கிடைக்காமல் அழுகி நாறும். தண்ணீருக்கு ஒரு பிள்ளை மட்டும் பொறுப்பு. பூஞ்சை பிடித்த விதையை உடனே எடுத்துவிடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் படம் வரையட்டும். இங்கேதான் கவனம் வேண்டும்: வேர் மட்டும் எட்டிப் பார்க்கும் இரண்டாம் நாளிலேயே பலர் இரண்டு பச்சை இலை போட்டுவிடுவார்கள். கண்ணில் பட்டதை விட்டு, மனதில் இருக்கும் செடியை வரைகிறார்கள். அழிக்கச் சொல்ல வேண்டாம். டம்ளரைப் பக்கத்தில் வைத்து, "இந்த இலை எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு" என்றால் தானே அழிப்பார்கள். "வேர் தண்ணியத் தேடிப் போகுது" என்று யாராவது சொன்னால், "கீழே போகுது" என்பதைப் 'பார்த்தது' என்ற கட்டத்திலும், "தேடுது" என்பதை 'நினைத்தது' என்ற கட்டத்திலும் எழுதுங்கள்.

அளக்க ஸ்கேல் வேண்டாம். வேரின் நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, நாள்வாரியாக வரிசையாக ஒட்டினால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

வேர் 2 செ.மீ. ஆனதும் மிச்சத் தண்ணீரை வடித்து, வாயைத் துணியால் கட்டி, டம்ளரைப் படுக்க வையுங்கள்; வேர்கள் பக்கவாட்டுச் சுவரில் தெரிய வேண்டும். மறுநாள் நுனி மட்டும் கீழ்நோக்கி வளைந்திருக்கும், பழைய பகுதி நேராகவே இருக்கும். பார்த்ததும் நிமிர்த்தி, தண்ணீர் விட்டு வளர விடுங்கள். பயறு தன் பருப்பை மேலே தூக்கிக்கொண்டு வரும். கடலையின் பருப்போ இருந்த இடத்திலேயே கிடக்கும். இந்த வித்தியாசத்தை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.