தஞ்சாவூருக்கு இரண்டு இரவாவது ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்து திருச்சியில் இறங்கி, வழியில் பெரிய கோயிலை ஒரு எட்டு பார்த்துவிட்டு, இரவுக்குள் மதுரை போய்விடலாம் என்றுதான் பலரும் திட்டம் போடுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள்தான், தூரம் சிக்கலே இல்லை. சிக்கல் மதியத்தில். 12:30 மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான். வெயில் காலத்தில் 10 மணிக்கு மேல் பிராகாரத்துக் கல் உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளுக்குக் காலுறை போட்டுக் கூட்டிப் போங்கள்.

காலை 6 மணிக்குப் போய்விடுங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பாமல், கருவறை மேல் எழும் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வாருங்கள். ராஜராஜனின் கல்வெட்டுகள் அங்கேதான். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பேர், ஊர், வீட்டு எண்ணோடு வெட்டி வைத்திருக்கிறான். திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். எழுத்து பழையது, பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. கல்வெட்டு தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள். அரண்மனையில் சோழர் செப்புத் திருமேனிகளையும் சரசுவதி மகால் நூலகத்தையும் முற்பகலில் முடித்துக்கொண்டு, வெயில் தணிந்ததும் திரும்பக் கோயிலுக்கு வரலாம். மாலை வெளிச்சத்தில் கல்லின் நிறமே வேறு.

திருவையாறு பக்கத்தில்தான். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் உண்டு. வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் புது பஸ் ஸ்டாண்டில்தான் இறக்கிவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நடக்கும், கர்நாடக இசை மேதை தியாகராஜரின் ஆராதனைக்கு வருவதாக இருந்தால் டிக்கெட் போடுமுன் பஞ்சாங்கம் பாருங்கள். ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமித் திதி ஆண்டுதோறும் மாறும் (2025-ல் ஜனவரி 18). பொங்கலை ஒட்டி வந்தால் ரயிலில் இடமே கிடைக்காது. நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் காலை 9 மணியளவில். பந்தலில் நல்ல இடம் வேண்டுமானால் 7 மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். அசோகா அல்வாவை அந்த ஊரிலேயே சுடச்சுடச் சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சூட்டில்தான் ருசி, ஆறினால் இறுகிவிடும்.

காபியில் சர்க்கரையைக் கடைக்காரர் முதலிலேயே போட்டுவிடுவார். "சர்க்கரை கம்மி" என்பதை ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர். அங்கே இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும், உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த கடப்பா எல்லா நாளும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

தஞ்சாவூரில் பிள்ளைக்கு வீணை வாங்கும் எண்ணம் இருந்தால் அதுதான் முதல் வேலை, கடைசி நாள் வேலை அல்ல. நல்ல வீணை செய்ய வாரக்கணக்கில் ஆகும், ஆகவே புறப்படுமுன்பே சொல்லி வையுங்கள். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணையா, குடமும் (பானை போன்ற பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணையா என்று கேளுங்கள். விலை அதைப் பொறுத்தே ஏறி இறங்கும். தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. மூடிய காரில் ஒரு மதியம் கிடந்தாலே மெழுகு இளகி மெட்டு நகர்ந்து, சுருதி கெட்டுவிடும். மறுபடி மேளம் கட்ட (மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்பப் பதிக்க) வெளிநாட்டில் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். அப்படி யாரும் இல்லாத ஊரென்றால் மெட்டுகளை ஸ்க்ரூவில் பொருத்திய வீணை மேல், தொனி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. விமானத்தில் ஏற்றுமுன் தந்திகளைத் தளர்த்தி, சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகச் சுற்றி, கெட்டிப் பெட்டியில் வையுங்கள்.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வாங்கினால் படத்தோடு பில் கேளுங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகச் சட்டம் விடாது. பழமை தெரிவதற்கென்று பாசி நிறம் ஏற்றிய புதுச் சிலையும் சுங்கத்தில் மாட்டும். அந்தச் சிலைக்குத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கும் சில நாள் விடுங்கள். பளபளப்பான சிலையை எடுத்தால் இந்த அலைச்சல் குறையும்.