ஆய்வக அனுபவத்தை 700 எழுத்துகளில் சொல்ல

அமெரிக்காவில் மருத்துவராவதற்கான எம்.டி. படிப்புக்கு, பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஏ.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. பேராசிரியரின் திட்டத்தைப் பற்றியே எழுதித் தள்ளினால் உங்களைப் பற்றிச் சொல்ல இடமிருக்காது. ஆய்வுக் கேள்விக்கு ஒரு வரி போதும். அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள்? செல் வளர்த்தீர்களா, தரவைச் சரிபார்த்தீர்களா, முடிவு சரியாக வராதபோது எதை மாற்றிப் பார்த்தீர்கள்? ஆய்வுக் கட்டுரை வெளியாகவில்லையா, பரவாயில்லை. ஆனால் எழுதியதை நேர்காணலில் விளக்கத் தெரிய வேண்டும். மிக முக்கியமானவை என்று நீங்கள் குறிக்கும் 3 அனுபவங்களுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள் கிடைக்கும். மொத்த மணி நேரமும் தொடர்பு கொள்ள ஒருவரின் விவரமும் கேட்பார்கள். ஆய்வகத்தில் இருக்கும்போதே அவற்றைக் குறித்து வையுங்கள்.