பழைய போட்டுக்கு வேறு எஞ்சின்: கடைக்குப் போக முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

எஞ்சின் கடையில் முதலில் கேட்பது "எத்தனை குதிரை வேணும்?" என்றுதான், அதாவது எஞ்சினின் குதிரைவலு எவ்வளவு என்று. பழைய போட் வைத்திருப்பவர்கள் அதற்குப் பதில் சொல்வதற்கு முன், போட்டைக் கரையில் ஏற்றி நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த எஞ்சினைப் பூட்டலாம் என்று சொல்லப்போவது அந்தப் போட்தான். முதல்முறை எஞ்சின் மாற்றுபவர்கள் கீழே உள்ள ஒழுங்கிலேயே போனால் காசு வீணாகாது.

1. பின்பலகை

போட்டின் பின்முனையில், எஞ்சினைப் பூட்டும் பலகை இது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பைபர் போட்டின் பின்பலகை வெளியே பைபராகத் தெரிந்தாலும், பெரும்பாலும் உள்ளே இருப்பது பிளைவூட். எஞ்சின் போல்ட்டுக்குத் துளைத்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து, வருடக்கணக்கில் ஊறி, அந்த மரம் உக்கிப்போகும். வெளியே பூசிய வண்ணம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் "டொக், டொக்" என்று கணீரென்று கேட்கும். உக்கிய இடத்தில் சத்தம் அடங்கி "பொத்" என்று விழும். போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும், அடியில் தண்ணீர் விடும் துளைக்குப் பக்கத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். இன்னும் சந்தேகமா? உள்பக்கம், கீழாக, சின்ன ஊசித் துளை ஒன்று போட்டுப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் சரி. கறுத்து, ஈரமாக, புளித்த மணத்தோடு வந்தால் மரம் போய்விட்டது. பார்த்து முடிந்ததும் துளையை ரெசின் வைத்து அடைக்க மறக்க வேண்டாம்.

உக்கிய பலகைக்கு மேல் இரும்புத் தகடு வைத்து இறுக்குவதை நம்பாதீர்கள். உள்ளே தண்ணீர் நிற்கும் வரை மரம் உக்கிக்கொண்டேதான் இருக்கும். உள்பக்க பைபரை வெட்டி, பழைய மரத்தை முழுக்க எடுத்து, மரைன் பிளைவூட் வைத்து, திரும்ப பைபர் போட வேண்டும். செலவுதான். ஆனால் நடுக்கடலில் பலகையோடு எஞ்சின் கழன்று விழுந்தால் போவது காசு மட்டுமல்ல.

2. காலின் நீளம்

எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதிதான் கால். பின்பலகையின் மேல் விளிம்பில், எஞ்சின் உட்காரும் இடத்திலிருந்து, போட்டின் அடி மட்டம் வரை அளவுநாடா பிடியுங்கள். ஏறக்குறைய 15 அங்குலம் என்றால் ஷோர்ட் சாஃப்ட், 20 அங்குலம் என்றால் லோங் சாஃப்ட். புறொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கிறதல்லவா, அது போட்டின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். உயர்ந்து நின்றால் புறொப்பெல்லர் காற்றை இழுக்கும். எஞ்சின் அலறும், போட் நகராது. தாழ்ந்து நின்றால் தண்ணீரில் இழுவை கூடி எரிபொருள் வீணாகும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால், தேவையில்லாமல் நீண்ட கால் தரையிலும் இடிக்கும்.

3. எத்தனை குதிரை

போட் கட்டிய இடத்தில் அடித்த தகட்டில் உச்ச அளவு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. தகடு இல்லையென்றால் போட் கட்டுபவரிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் இதுவரை ஓடிய எஞ்சினின் அளவையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். களங்கண்ணி (கம்பு நட்டுக் கட்டும் அடைப்பு வலை), நண்டு வலை என்று கடல்நீரேரிக்குள் நிற்பவருக்கு 8, 9.9, 15 குதிரை போதும் என்பது என் எண்ணம். பருத்தித்துறை, மயிலிட்டிப் பக்கம் வாடைக் காற்றில் ஆழக்கடலுக்குப் போய் வருபவருக்கு 25, 40 தேவைப்படலாம். பக்கத்துப் போட்டில் 40 பூட்டியிருக்கிறார்கள் என்பது ஒரு காரணமே அல்ல.

4. டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா, மண்ணெண்ணெயா

டூ ஸ்ட்ரோக் என்றால் பெற்றோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் எஞ்சின்; ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனியாக இருக்கும். 15 குதிரை டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 40 கிலோவை ஒட்டி இருக்கும். அதே வலுவில் ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோ வரை, சிலது அதற்கு மேலும் போகும். பழைய போட்டின் பின்பக்கம் அந்தப் பாரத்தில் தாழும். வலையும் மீனும் ஏறிய பிறகு பின்பலகை தண்ணீருக்கு எவ்வளவு மேலே நிற்கும் என்று யோசியுங்கள். பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில், கூடப்போகும் பாரத்துக்கு மணல் மூட்டை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெற்றோல் மிச்சம், புகை குறைவு. டூ ஸ்ட்ரோக்கைத் திருத்துவது சுலபம், உதிரிப்பாகமும் தெரிந்த கையும் துறைக்குத் துறை உண்டு.

மண்ணெண்ணெய் எஞ்சின் பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்தும் முன் திரும்பப் பெற்றோலில் ஓட விட வேண்டும். யமஹாவின் எண்டுரோ வகை எஞ்சின்களில் மண்ணெண்ணெயில் ஓடுவதன் பெயரில் 'கே' எழுத்து வரும். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டினால் எஞ்சின் கெட்டுவிடும். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே நாளில் ஏறியது நினைவிருக்கும். அதனால் "மண்ணெண்ணெய் மலிவு" என்ற பழைய கணக்கை விட்டு, வாங்கும் காலத்து விலையில் ஒரு மாதச் செலவைப் போட்டுப் பாருங்கள்.

5. பாவித்த எஞ்சின் என்றால்

கியர் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சிலிண்டர்களின் கம்பிரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) ஒன்றுக்கொன்று 10 வீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. எஞ்சினைத் தண்ணீரில் ஓட விட்டால் பின்பக்கத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் நூல் பிடித்தது போல விடாமல் பாய வேண்டும். சொட்டினால் பம்பின் றபர் இலை தேய்ந்திருக்கலாம், அல்லது மணலோ சாதாளையோ வழியை அடைத்திருக்கலாம். தொடரிலக்கத் தகடு சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

6. பூட்டிய பிறகு

கிளாம்பை மட்டும் நம்பாமல் போல்ட்டும் போடுங்கள். ஓட்டைகளின் உள்சுவருக்கு ரெசின் பூசி, போல்ட்டைச் சுற்றி மரைன் சீலண்ட் வையுங்கள். வழக்கமான பாரத்தோடு ஓடிப் பாருங்கள். முழு வேகத்திலும் எஞ்சின் புத்தகத்தில் சொன்ன சுற்றுக்கு ஏறாமல் முக்கினால், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புறொப்பெல்லர் வேண்டும். புது எஞ்சினை முதல் 10 மணி நேரம் முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் அந்த நேரத்தில் பெற்றோலில் கலக்கும் எண்ணெயும் கூடுதலாக வேண்டும், அளவு புத்தகத்தில் இருக்கும். அது முடிந்ததும் கியர் ஒயிலை மாற்றி, பின்பலகைப் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.