பழைய ரோலர் டெர்பியை நினைத்து உருகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோலர் டெர்பி, காலில் சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு இரண்டு அணிகள் வட்டத் தடத்தில் மோதும் அமெரிக்க ஆட்டம். அதன் பழைய வீடியோ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சண்டைதான். முடியைப் பிடித்து இழுப்பது, வெளிக்கம்பிக்கு மேலே தூக்கிப் போடுவது, நடுவரைத் தள்ளிவிடுவது. அதை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று எழுதுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. அது ஆட்டம் நின்றுபோன நேரம். ஆட்டம் ஓடும்போது பாருங்கள்.

வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் சரிந்த பலகைத் தடம், அணிக்கு ஐந்து பேர். கூட்டமாக ஓடும்போது ஜாமர்கள், அதாவது புள்ளி எடுக்கும் ஆட்டக்காரர்கள், பிரிந்து முன்னே பாய்ந்து, ஒரு சுற்று சுற்றி வந்து, பின்னாலிருந்து மறுபடியும் கூட்டத்துக்குள் நுழைந்து எத்தனை எதிரிகளைத் தாண்டுகிறார்களோ அத்தனை புள்ளி. வளைவு வரும் இடத்தில் கைகளைக் கவனியுங்கள்: முன்னால் போகும் சக ஆட்டக்காரர் கையைப் பின்னால் நீட்டுவார், ஜாமர் அதை எட்டிப் பிடித்து இடுப்பைத் தாழ்த்துவார், முன்னவர் இழுத்துச் சுழற்றி விடுவார், மேட்டிலிருந்து இறங்கும் வேகமும் சேர்ந்துகொள்ள ஜாமர் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் புகுந்து போய்விடுவார். 'விப்' என்பார்கள். இதற்கு முன்னால் அந்த முடிபிடிச் சண்டையெல்லாம் ஒன்றுமே இல்லை.

அடுத்த தவறு, "எல்லாமே நாடகம்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. பகையை வளர்த்தார்கள், சண்டையை ஊதிப் பெரிதாக்கினார்கள், யார் ஹீரோ யார் வில்லன் என்று பார்ப்பவனுக்குத் தெளிவாகத் தெரியும்படி வைத்தார்கள். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேசனைட் என்ற கெட்டியான அழுத்த மரப் பலகையில் அந்த வேகத்தில் விழுந்தால் எலும்புக்கு நாடகம் தெரியாது. அந்தக் காலத்தின் பெரிய வில்லி ஆன் கால்வெல்லோவின் மூக்கு எத்தனை தடவை உடைந்தது என்று படித்துப் பாருங்கள்.

கால்வெல்லோவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய நினைவுகளில் அதிகம் அநியாயம் நடப்பது அவருக்குத்தான். சான் பிரான்சிஸ்கோ பே பாம்பர்ஸ் அணியின் ஜோனி வெஸ்டன் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது: உயரம், பொன்னிறக் கூந்தல், சுத்தமான ஆட்டம், அந்தக் காலத்து டெர்பியில் அதிகம் சம்பாதித்த பெண். லியோ செல்ட்சர் சிகாகோ கொலிசியத்தில் ரோலர் டெர்பியைத் தொடங்கிய அதே 1935இல் பிறந்தவர். சரி, அந்தக் கதாநாயகிக்கு எதிரே நின்றது யார்? வெயிலில் கறுத்த தோல், ஊதாவும் பச்சையுமாகச் சாயம் பூசிய தலைமுடி, சிம்ம ராசிக்காரி என்பதால் உடம்பெல்லாம் சிங்க நகை. பங்க் பாணி வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னாலேயே இந்தக் கோலம். கூட்டம் கத்தித் தீர்க்கும், அவர் திருப்பிக் கத்துவார், அரங்கம் நிரம்பும். வெஸ்டன் ஜெயித்ததை ரசித்துவிட்டு, அந்த வெற்றிக்கு மதிப்புக் கொடுத்த எதிரியை வெறும் "கெட்டவள்" என்று ஒதுக்குவது எந்த விதத்தில் நியாயம்? கால்வெல்லோவும் பாம்பர்ஸ் சீருடையில் ஆடியவர்தான். 1940களில் தடத்துக்கு வந்தவர் எழுபது வயதிலும் ஸ்கேட் கட்டினார். 2006இல் இறந்தார். வெஸ்டன் அதற்கு முன்பே, 1997இல் போய்விட்டார்.

இந்த ஜோடிதான் முதல் பகை என்று நினைப்பதும் தப்பு. 1940களின் கடைசியில் தொலைக்காட்சி புதிதாக வீட்டுக்குள் வந்தபோது நியூயார்க்கைக் கட்டிப்போட்டது மிட்ஜ் 'டஃபி' பிராசனும் ஜெர்ரி மரேயும். பிராசன் ஐந்து அடிகூட இல்லை, பெயரைக் கேட்டாலே எதிரணி உஷாராகும். அப்புறம் வாரத்தில் பல இரவுகள் ஒளிபரப்பி ஒளிபரப்பி மக்களுக்குச் சலித்துப்போய், செல்ட்சர் எல்லாவற்றையும் மேற்குக் கரைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பாம்பர்ஸ் பிறந்தது அந்தப் பக்கம்தான், 1954இல்.

பெண்கள் ஆட்டத்தை இடைவேளை வேடிக்கை மாதிரி எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபமே வருகிறது. பெண்கள் ஒரு பகுதி, ஆண்கள் ஒரு பகுதி என்று மாறி மாறி ஆடுவார்கள், விதி ஒன்றுதான், கடைசியில் இரண்டு பேர் எடுத்த புள்ளியையும் கூட்டித்தான் வெற்றி தோல்வி. பாம்பர்ஸ் ஆண்கள் பக்கத்து சார்லி ஓகானல் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும், பெண்கள் விட்டுக்கொடுத்த புள்ளியை அவர் துரத்தித்தான் ஆக வேண்டும்.

லீகுகளைக் கலக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பே பாம்பர்ஸ் செல்ட்சர் குடும்பத்தின் ரோலர் டெர்பி. லாஸ் ஏஞ்சலஸ் தண்டர்பேர்ட்ஸ் அணி, அதன் நட்சத்திரம் ரால்ஃபி வல்லதாரஸ், "வோ நெல்லி!" என்று கத்தும் வர்ணனையாளர் டிக் லேன், இவர்கள் 1961இல் தொடங்கிய போட்டி நிறுவனமான ரோலர் கேம்ஸ். 1972இல் சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் 50,118 பேர் கூடியது தண்டர்பேர்ட்ஸ் ஆட்டத்துக்கு, அதைத் தூக்கி பாம்பர்ஸ் கணக்கில் எழுதாதீர்கள். எட்டு வடிவத் தடமும் முதலைக் குளமும் ஞாபகம் வந்தால் அது 1989 தொலைக்காட்சித் தொடர், அதையும் அந்தப் பழைய ஆட்டங்களோடு கலக்காதீர்கள்.

1973 டிசம்பரில் லியோவின் மகன் ஜெர்ரி செல்ட்சர் ரோலர் டெர்பிக் கடையை மூடியதற்குக் காரணம் மவுசு போய்விட்டது என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். மவுசு போகவில்லை. இரண்டு வருடம் முன்புதான் ஓக்லண்ட் கொலிசியத்தில் 34 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். அவர்கள் தொழிலே ஊர் ஊராகப் போவது. சான் பிரான்சிஸ்கோவின் கெசார் பெவிலியன் அரங்கில் பதிவு செய்த டேப் நாடு முழுக்க நிலையங்களுக்குப் போகும், நிகழ்ச்சியில் கடிதம் எழுதச் சொல்லுவார்கள், எந்த ஊரிலிருந்து அதிகம் கடிதம் வருகிறதோ அங்கே பயணத்தைப் போடுவார்கள். தடத்தையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரத்தில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது, செலவு ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக, இன்றைய ஆட்டக்காரர்களிடம் போய் "நீங்களெல்லாம் வெஸ்டன் மாதிரி வருமா" என்று கேட்காதீர்கள். 2001இல் டெக்சஸின் ஆஸ்டினில் பெண்கள் மறுபடி தொடங்கியதிலிருந்து வளர்ந்தது பெரும்பாலும் சமதளத் தடத்தில் ஆடும் வேறு ஆட்டம், அதன் விதிகள் வேறு, வீராங்கனைகளே நடத்துவது, கதை கட்டுவது கிடையாது. வேடிக்கையான புனைபெயர்கள்கூட இவர்கள் கொண்டுவந்ததுதான். பழையவர்கள் சொந்தப் பெயரில், வேண்டுமானால் ஒரு பட்டப்பெயரோடு, ஆடினார்கள். இரண்டையும் பாருங்கள், ஒன்றை வைத்து மற்றதை மட்டம் தட்ட வேண்டாம். பழையதில் ஆரம்பிப்பதானால் துண்டு வீடியோ வேண்டாம், 1970ஐ ஒட்டிய பாம்பர்ஸ் ஆட்டம் ஒன்றை முழுதாக எடுத்து, பெண்கள் ஆடும் பகுதியிலிருந்து பாருங்கள்.