மன்னாரில் ஒரு காலை: வங்காலைப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் யாழ்ப்பாணம் வரும் குடும்பங்கள் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, காசுரினா கடற்கரை என்று பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் ஊர் பார்க்கின்றன. மிருகம், பறவை பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டுவிட்டால் வான் பிடித்துத் தெற்கே யாலவுக்கும் பின்னவலவுக்கும் போகிறார்கள். வடக்கிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறதென்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைக்கு ஊரில் ஒரேயொரு இயற்கைக் காட்சியைத்தான் காட்ட முடியும் என்றால், தை மாதத்து மன்னார்க் களப்பைக் காட்டுங்கள் என்பேன்.

வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2010இல் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்டேர். மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் தாம்போதியை ஒட்டியும், அங்கிருந்து வங்காலைக் கிராமத்துப் பக்கமாகவும் பரந்து கிடக்கும் களப்பும் சேற்றுநிலமும் கண்டலும் தரவையும் சேர்ந்ததே இந்தச் சரணாலயம். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் பறவைகளுக்கு இந்தியக் கரையைத் தாண்டியதும் கிடைக்கும் முதல் நிலம் மன்னார். நல்ல பருவத்தில் 20,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இங்கே கூடுகின்றன.

எப்போது போவது

பலர் ஏமாறுவது காலத்தைத் தெரிந்தெடுப்பதில்தான். பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் மடுத் திருநாளும் சேர்ந்து வருவதால் புலம்பெயர்ந்தோரில் பெரும்பகுதியினர் ஆடி, ஆவணியில் வருகிறார்கள். அப்போது களப்பு வற்றி வெடித்துக் கிடக்கும். சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். வலசை வந்தவை எல்லாம் வடக்கே திரும்பிப் போயிருக்கும். அந்த நேரத்தில் போய் நின்றால் சில கொக்குகளையும் கழுதைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

பறவைகள் புரட்டாசி, ஐப்பசியில் வரத் தொடங்கி பங்குனி, சித்திரையில் புறப்பட்டுவிடும். கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடை மழை பலமாக இருந்தால் களப்பில் நீர்மட்டம் உயர்ந்துவிடும். காலூன்றி மேயும் பூநாரைகள் ஆழம் குறைந்த இடம் தேடிச் சிதறிப்போகும். மழை ஓய்ந்து நீர் மெல்ல இறங்கும் தை தொடக்கம் மாசி வரையான காலமே சிறந்தது. நத்தார் விடுமுறைக்கு வருகிறவர்கள் பயணத்தைத் தைப்பொங்கல் வரை நீட்டிக்கொள்ள முடிந்தால் பொங்கலையும் பறவைகளையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

போய்ச் சேர்வது

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ32 வீதியில் நாவற்குழி, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, முழங்காவில், விடத்தல்தீவு வழியாக மன்னார் வரலாம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பாதை நன்றாகச் சுருங்கிவிட்டது. இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடுகின்றன. வவுனியாவிலிருந்தும் பஸ் உண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்து தலைமன்னார் வரை ரயில் பாதை இருக்கிறது. போரில் அழிந்த அந்தப் பாதை 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. தண்ணீரை ஒட்டி ரயில் மெதுவாகத் தீவுக்குள் நுழையும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே அதில் ஏறலாம். ஆனால் நேர அட்டவணை மாறும், வெள்ளத்தில் பாதை சேதப்பட்டால் சேவை நின்றும் போகும்; ஆகவே புறப்படும் முன் ஸ்ரேசனில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காலையில் யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு மத்தியானம் மன்னாரில் நிற்பதில் பயனில்லை. முதல் நாள் மாலையே வந்து மன்னார் நகரில் தங்குங்கள். விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. விடியற்காலை ஐந்தரைக்கு ஓர் ஆட்டோவை வரச் சொல்லிவிட்டுப் படுங்கள். ஆறு மணியிலிருந்து எட்டரை வரையும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும்தான் பார்க்கத்தக்க நேரம். இடையில் வெயில் கண்ணைக் கூசவைக்கும். சூடேறிய நிலத்துக்கு மேல் காற்று அலைவதால் தொலைநோக்கியில் எல்லாம் கலங்கித் தெரியும்.

தாம்போதி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளம். பஸ்ஸும் லொறியும் வேகமாக வரும் வீதி அது. நடுவில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளைகளை இறக்காதீர்கள். ஒதுங்க இடமுள்ள பகுதியாகப் பார்த்து நின்று, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி பாருங்கள். எனக்குப் பிடித்தது பெருநிலப் பக்கத்துத் தள்ளாடியிலிருந்து வங்காலை, அரிப்புப் பக்கமாகப் பிரியும் வீதி. போக்குவரத்து குறைவு, பிள்ளைகளுடன் ஆறுதலாக நிற்கலாம். தள்ளாடியில் இராணுவ முகாம் இருக்கிறது. அங்கும், தலைமன்னார் பக்கம் கடற்படை நிலைகளை அண்டியும் கமெராவையோ தொலைநோக்கியையோ உயர்த்தாதீர்கள். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களை நிறுத்திக் கேள்வி கேட்பது வழக்கம்தான். கடவுச்சீட்டின் பிரதி கையில் இருக்கட்டும், பறவை பார்க்க வந்தோம் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

சரணாலயத்துக்கு வாயிலும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை, மலசலகூடமும் இல்லை. நகரை விட்டுக் கிளம்பும் முன் அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, சேறு பட்டாலும் பரவாயில்லை என்ற செருப்பு, கையில்லாத சட்டைக்குப் பதில் மெல்லிய முழுக்கைச் சட்டை இவ்வளவும் போதும். தொலைநோக்கியை வெளிநாட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவது பிள்ளைகளின் கைக்கு நல்லது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்திவிட்டது. டெங்கு இருப்பதால் நுளம்புக்குப் பூசும் களிம்பை விட்டுவிட்டு வரவேண்டாம்.

என்ன பார்ப்பது

தூரத்தில் வெள்ளைக் கோடு போலத் தெரிவது பூநாரைக் கூட்டம். தொலைநோக்கியில் ஒரு பறவையை மட்டும் பிடித்து ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். அது தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீருக்குள் நுழைக்கிறது. கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே மெல்ல வட்டமிடுகிறது. கலங்கிய நீரை நாக்கால் உள்ளே இழுத்து வெளியே தள்ளும்போது அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய சீப்பு போன்ற அமைப்பில் சிறு கூனிகளும் பாசியும் சிக்கிக்கொள்கின்றன. அந்த இரையிலுள்ள நிறமிதான் இறகில் ஏறி இளஞ்சிவப்பாகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை குஞ்சுப் பருவம் கடக்காதவை. இன்னும் நிறம் ஏறவில்லை. இதைச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் தன்பாட்டில் சாம்பல் பறவைகளைத் தேடி எண்ணத் தொடங்கிவிடும்.

பூநாரையோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீரில் கரும்புள்ளிகளாக மிதப்பவற்றில் ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் இருக்கும். கரையோரச் சேற்றில் நீண்ட அலகைத் தையல் ஊசி போலக் குத்திக் குத்தி எடுப்பவை கருவால் மூக்கன்கள். கரண்டிவாயன், கூழைக்கடா, ஆலா எல்லாம் எளிதில் அடையாளம் காணக்கூடியவை. கடற்காகங்களையும் அலட்சியம் செய்யவேண்டாம். மன்னாரில் 2021இல் ஜிபிஎஸ் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவ ஓரத்திலுள்ள யமால் தீபகற்பம் வரை போனதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மீன்வாடிக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றும் பறவை அத்தனை தூரம் போகிறது.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பூநாரைகள் எழும்பிப் பறக்கும்போது செட்டையின் அடியில் சிவப்பும் கறுப்பும் விரிவது அழகுதான். அதைப் படம் எடுப்பதற்காகச் சாரதிகள் ஹோன் அடிக்கிறார்கள், இளைஞர்கள் கைதட்டுகிறார்கள், கல்லெறிகிறவர்களும் உண்டு. அந்த உடம்பு சில அடி தூரம் தண்ணீரில் ஓடித்தான் மேலெழ முடியும். ஒவ்வொரு முறையும் அது செலவழிப்பது திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்காகச் சேர்த்துவைக்கும் பலத்தை. உங்கள் சாரதி பறவையை எழுப்பிக் காட்டவா என்று கேட்டால், விருந்தாளியை மகிழ்விக்கவே அவர் கேட்கிறார். வேண்டாம் அண்ணா என்று அன்பாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். காவலாளி இல்லாத இடம் இது. வருகிறவர் நடந்துகொள்ளும் விதத்தில்தான் அடுத்த வருடக் கூட்டம் தங்கியிருக்கிறது. ட்ரோனும் அப்படியே. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் இலங்கையில் அதைப் பறக்கவிட முடியாது, களப்பின் மேல் அனுமதி இருந்தாலும் வேண்டாம்.

சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு

வன்னியில் மான், மரை, உடும்பு இறைச்சியும் கரையோரத்தில் ஆமை இறைச்சியும் வெளிநாட்டு உறவினருக்கென்று தேடி வாங்கப்படுவதுண்டு. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இவை அனைத்தும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். உங்களுக்காகவே வாங்கப்படுவதால், அதை நிறுத்தக்கூடியவரும் நீங்கள்தான். சமைத்த பிறகு மறுத்தால் வீட்டாரின் மனம் புண்படும். வரும் முன்னரே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "சித்தி, எங்களுக்கு மன்னார் நண்டும் மீனும் போதும், காட்டு இறைச்சி ஒன்றும் தேடவேண்டாம்." சங்கு, பவளப்பாறைத் துண்டு போன்றவற்றையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் சுங்கத்திடம் அகப்பட்டால் சிக்கல்.

அருகிலும் தொலைவிலும்

மன்னாரிலேயே பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்த்துவிடுங்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆபிரிக்க மரத்தின் அடிச் சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர். நகரில் திரியும் கழுதைகளுக்கு பிஸ்கற் பையோடு சேர்த்து ஊட்டவேண்டாம். பெருநிலத்தில், மதவாச்சி வீதியோரம் கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. அருவி ஆற்றின் நீரைத் தேக்கும் பழம்பெரும் குளம் அது. 1954 முதல் சரணாலயம். கோடையில் வருகிறவர்களும் உள்ளூர்ப் பறவைகளை அங்கே காணலாம். விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடமானது. அதில் 168 ஹெக்டேரை இறால் வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2024இல் வந்தது, வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கண்டல்களைக் கடந்துதான் நீங்கள் ஏ32இல் வருகிறீர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவானது. பூநாரை அங்கும் வரும். ஆனால் அந்தப் பிரதேசத்தில் வீதியை விட்டு ஓரடியும் இறங்காதீர்கள். சிவப்பு நிறத்தில் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகை எங்கே நின்றாலும் அதன் பொருள் உண்மையானது. பலகை இல்லாத இடமானாலும் பழகிய தடத்திலேயே நில்லுங்கள், ஊர்வாசி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி, ஆவணியில் மட்டுமே வர முடிகிறவர்களுக்கு வில்பத்து நல்ல தெரிவு. 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா. வறட்சியில் வில்லு எனப்படும் இயற்கையான நீர்நிலைகளைத் தேடி விலங்குகள் வரும். சிறுத்தையும் கரடியும் காணக் கிடைக்கலாம். பொலன்னறுவைக்குப் போகும் வழியில் மின்னேரியாவில் அதே மாதங்களில் யானைகள் கூட்டமாகக் குளத்தில் இறங்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு உகந்தை முருகன் கோயிலும் குமண பூங்காவும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. கதிர்காமப் பாதயாத்திரை அந்தக் காட்டு வழியாகவே செல்கிறது.

தேசிய பூங்காக்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு டொலர் கணக்கில் கட்டணம். சேவைக் கட்டணமும் வரியும் மேலதிகம், ஜீப் வாடகை தனி. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோனால் உள்ளூர்க் கட்டணம் கேட்கலாம். ஜீப்புக்குப் பேசும்போது எத்தனை மணி நேரம், நுழைவுச்சீட்டு உள்ளடங்குமா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காயப்பட்ட பறவையையோ, வலையில் சிக்கிய ஆமையையோ எங்கு கண்டாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அருகிலுள்ள மீனவரிடமும் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களே முதலில் வந்து சேர்வார்கள்.